2015-16 கர்ரி: கோப்பை இல்லாத சீசனை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறோம்?

கேள்வி:
என்பிஏ (அமெரிக்க கூடைப்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஸ்டீஃபன் கர்ரியின் 2015-16 சீசனை எல்லோரும் உச்சம் என்கிறார்கள். ஆட்டத்துக்குச் சராசரி 30.1 புள்ளிதானே? புல்ஸ் டீமின் மைக்கேல் ஜோர்டன் 1986-87-ல் 37.1 எடுத்திருக்கிறார். அதோடு ஏழு ஆட்டத் தொடரான ஃபைனலில் கர்ரியின் டீம் வாரியர்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தும் க்ளீவ்லாந்திடம் தோற்றது. அப்புறம் என்ன பெருமை?

பதில் 1:
30.1-ஐ மட்டும் பார்த்தால் புரியாது. ஆட்டத்துக்கு 34 நிமிடம்தான் ஆடினார். எதிரணி முன்பே நொறுங்கிவிடுவதால், பல ஆட்டங்களில் கடைசி க்வார்ட்டர் முழுக்க பெஞ்சில்தான் இருந்தார்.

அந்த வருடம் அவர் போட்ட த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) 402. அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. அந்த சீசனில் இரண்டாவது இடத்தில் இருந்த க்ளே தாம்சனுக்கு 276. அவரும் அதே டீம்! 886 முறை எறிந்து 45.4 சதவீதம் உள்ளே போனது. இரண்டு புள்ளி ஷாட்டில் இதே பலன் வேண்டுமென்றால் 68 சதவீதம் போட வேண்டும். கூடைக்கு அடியிலேயே நிற்கிற சென்டர்களுக்கே அது கஷ்டம். இவர் அதை 24 அடிக்கு வெளியிலிருந்து, பந்தைத் தட்டிக்கொண்டே வந்து செய்தார்.

2016 பிப்ரவரி 27, ஓக்லஹோமா சிட்டி டீமுடன் நடந்த ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள், ஹைலைட்ஸ் போதாது. மூன்றாவது க்வார்ட்டரில் கணுக்காலில் அடிபட்டு உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். ஓவர்டைமில் 118-118. கையில் டைம்-அவுட் இருந்தும் கேட்கவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி நாலைந்து அடி வந்ததுமே எறிந்தார். 0.6 நொடி மிச்சம், 121-118. அன்று அவருடைய 12-வது த்ரீ அது. டிஃபெண்டர் பின்வாங்கிக்கொண்டே இருந்தார், அவரைக் குற்றம் சொல்லவே முடியாது. அந்த வருடம் வரை அந்த இடத்தில் யாரும் யாரையும் காவல் காத்ததில்லை.

அதனால்தான் டீம்கள் இரண்டு பேரை அவர்மேல் அனுப்பின. பந்து சக வீரர் ட்ரேமண்ட் கிரீனிடம் போகும், உள்ளே வாரியர்ஸின் நாலு பேருக்கு எதிராக எதிரணியில் மூன்று பேர்தான். 73 வெற்றி, 9 தோல்வி அப்படித்தான் வந்தது. எம்விபி (சீசனின் சிறந்த வீரர் விருது) முதலிட வாக்கு 131-க்கு 131, அதற்கு முன் யாருக்கும் கிடைக்காதது.

பதில் 2:
எல்லாம் சரி அண்ணா, ஆனால் 1995-96 புல்ஸ் 72-10 எடுத்து கோப்பையையும் தூக்கினார்கள். ஏழாவது ஃபைனல் ஆட்டத்தில் கர்ரி எறிந்த 19 ஷாட்டில் 6 தான் உள்ளே போனது. அதை மறைக்கக் கூடாது.

பதில் 1:
மறைக்கவில்லை தம்பி. அந்த ஏழாவது ஆட்டம் மோசம்தான், 93-89 என்று கைக்கெட்டும் தூரத்தில் போனது இன்னும் வலிக்கிறது. பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றில் ஹூஸ்டனில் முழங்கால் தசைநார் சுளுக்கியது உண்மை. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே போர்ட்லேண்டில் 40 புள்ளி, அதில் 17 ஓவர்டைமில் மட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜோர்டன் 1987-88-ல் 35 புள்ளி சராசரி, எம்விபி, சிறந்த டிஃபெண்டர் விருது எல்லாம் வாங்கினார். புல்ஸ் இரண்டாவது சுற்றிலேயே டெட்ராய்ட்டிடம் 4-1 என்று வெளியேறியது. அந்த சீசனை யாராவது குறைத்துப் பேசுகிறோமா? கோப்பை டீமுக்கு. ஒரு ஆள் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஆடிய ஆட்டத்தை அதை வைத்து மட்டும் அளக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஓக்லஹோமா ஆட்டத்தை இந்த வாரமே பார்க்கிறேன். 402-ஐ யாராவது நெருங்கினார்களா?

பதில் 1:
2018-19-ல் ஜேம்ஸ் ஹார்டன் 378 வரை வந்தார். அதற்கு அவர் 1,028 தடவை எறிய வேண்டியிருந்தது.