வென்டோவர் பழைய விமான தளம், சுற்றியுள்ள நினைவுப் பலகைகள்: எதை எல்லாம் பார்க்கலாம்?

வழிப்போக்கன்:
வணக்கம். அடுத்த மாதம் சால்ட் லேக் சிட்டியில் இருந்து காரில் ஐ-80 வழியாக ரீனோ போகிறோம், அப்பாவும் கூட வருகிறார். யூட்டா, நெவாடா எல்லையில் இருக்கிற வென்டோவரில்தான் ஹிரோஷிமாவில் குண்டு போட்ட குழு பயிற்சி எடுத்தது என்று படித்ததில் இருந்து, அங்கே நிற்காமல் போகக் கூடாது என்கிறார். அந்தத் தளத்தில் இப்போது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? வழியில் வரலாற்றுப் பலகைகளும் நிறைய இருக்கிறதாமே, அரை நாள் போதுமா?

உப்புக்காற்று:
அப்பா சொல்வது சரி, கட்டாயம் நில்லுங்கள். போருக்கு முன் அந்த ஊரில் நூறு பேர் சொச்சம்தான். ஆளில்லாத நிலம், பக்கத்திலேயே ரயில் பாதை, குண்டு போட்டுப் பழகக் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை உப்புவெளி, இதனால்தான் ராணுவம் அங்கே வந்தது. முதலில் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானக் குழுக்கள் பயிற்சி எடுத்தன. 1944 செப்டம்பரில், அணுகுண்டு போடும் குழுவுக்குத் தலைவரான பால் டிப்பெட்ஸ் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார், டிசம்பர் 17 அன்று அந்தக் குழு, 509ஆவது குழு என்ற பெயரில், முறையாக உருவானது. எதற்காகப் பயிற்சி என்று அங்கிருந்த பெரும்பாலானவர்களுக்குக் கடைசி வரை தெரியாது.

ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானமான எனோலா கே நின்ற கொட்டகையைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். விமானம் இப்போது வர்ஜீனியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதை இங்கே தேட வேண்டாம். என்னை நிறுத்தி வைத்தது குண்டு ஏற்றும் குழிதான். குண்டு அவ்வளவு பெரியது, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போக இடம் இல்லை. அதனால் குழிக்குள் குண்டை இறக்கி, மேலே விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, கீழிருந்து தூக்கி ஏற்றினார்கள். சாதாரண சிமெண்ட் பள்ளம், ஆனால் அதன் ஓரத்தில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பைலட்மலை:
தளத்தோடு திரும்பிவிடாதீர்கள் நண்பரே. வடக்கே தெரிகிற உயரமான மலை பைலட் பீக். 1846இல் கலிபோர்னியாவில் குடியேற வண்டிகளில் கிளம்பிய டானர் குழு, ஹேஸ்டிங்ஸ் என்ற வழிகாட்டி சொன்ன குறுக்கு வழியை நம்பி இந்த உப்புவெளியில் இறங்கியது. 40 மைல் என்று அவர் சொன்னது உண்மையில் 80 மைல் இருந்தது. மாடுகள் தாகத்தில் ஓடிப்போயின, வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள், அந்த மலையடி ஊற்றை அடைந்த பிறகுதான் தண்ணீர் கிடைத்தது. அறுபது வருடம் கழித்து ரயில் கம்பெனி வென்டோவரை நிறுவியபோது அதே மலையின் ஊற்று நீரைத்தான் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது. டானர் பலகையில் அந்த ஊற்றைப் பற்றிப் படித்துவிட்டு ஊருக்குள் போனால், இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்று தானாகவே விளங்கிவிடும்.

அப்புறம் தொலைபேசிப் பலகை. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இருந்து மேற்குக் கடற்கரை வரை போன தொலைபேசிக் கம்பியின் இரண்டு பக்கமும் 1914 ஜூன் 17 அன்று சேர்ந்தது வென்டோவரில்தான்.

மல்லிகா:
நான் சொல்ல வந்தது வேறு. நான் போனபோது எல்லாப் பலகையிலும் வீரர்களின் உழைப்பு, ரகசியம், இயந்திரம் என்றே படித்துக்கொண்டு போனேன், மனசு ஒப்பவே இல்லை. 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். குழியைப் பார்க்கும்போது இதை அப்பாவிடம் சொல்லுங்கள், குழந்தைகள் கூட வந்தால் அவர்களிடமும்.

உப்புக்காற்று:
மல்லிகா அக்கா சொல்வது எனக்கும் சம்மதம். அந்தக் குழிப் பக்கம் இரண்டாம் தடவை போனபோது நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் நன்றி. அரை நாளை ஒரு நாளாக்கிவிட்டேன். உப்புவெளியில் கார் இறக்கலாமா?

பைலட்மலை:
ஈரமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். மேலே கெட்டியாகத் தெரியும், உப்பு ஓட்டுக்கு அடியில் சேறு, ஒரு தடவை என் கார் அச்சு வரை புதைந்து மாலை வரை காத்திருந்தேன். இன்னொன்று, மேற்கு வென்டோவர் நெவாடாவில் இருந்தாலும் யூட்டா நேரத்தையே வைத்திருக்கிறது, எல்லை தாண்டியதும் கடிகாரத்தைத் திருப்பிவிடாதீர்கள்.