'துள்ளு': வேரில் இருப்பது செருக்கா, வெறும் அசைவா?

சொல்வேட்டை:
'துள்ளு' என்றால் 'குதி' என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்குப் போதவில்லை. குழியைத் தாண்டியவன் குதித்தான் என்போம், துள்ளினான் என்போமா? கன்றுக்குட்டி துள்ளும்போது எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. நின்ற இடத்திலேயே நாலு காலையும் தூக்கி, வாலை முறுக்கி, உடம்பின் தெம்பைக் காட்டுகிறது. 'ரொம்பத் துள்ளாதே' என்றால் கர்வம் வேண்டாம் என்று அர்த்தம். 'துள்ளுகிற மாடு பொதி சுமக்கும்' என்ற பழமொழியும் அதைத்தான் சொல்கிறது. காட்டிக்கொள்வதுதான் வேர்ப்பொருள் என்பது என் கட்சி.

நேரிசை:
மறுக்கிறேன். கரையில் போட்ட மீன் துள்ளுகிறதே, அது யாருக்கு எதைக் காட்டுகிறது? 'துள்ளத் துடிக்க' என்பதில் செருக்கு எங்கே? உயிர் போகிற வேதனைக்கும் இதே வினைதான். சட்டென்று, அடக்க முடியாமல் எழும்புவது, வேர் அவ்வளவுதான். செருக்கு, பார்க்கிறவர் ஏற்றிச் சொல்வது. 'துள்ளாதே' என்பவர் கையில் எப்போதும் ஒரு மூக்கணாங்கயிறு இருக்கும்.

சொல்வேட்டை:
மீனை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது பின்னால் விரிந்த பொருளாக இருக்கலாமே? கலிப்பா என்ற பாவகையைப் பற்றித் தொல்காப்பியம் 'துள்ளல் ஓசை கலி' என்கிறது. கலி என்றால் ஆரவாரம், செருக்கு, தழைப்பு. சங்கப் பாட்டில் வரும் 'கலிமா' சும்மா நடக்கிற குதிரை இல்லை, மதர்த்த குதிரை. இரண்டு சொல்லையும் தொல்காப்பியரே ஒரே அடியில் முடிச்சுப் போட்டிருக்கிறார்.

நேரிசை:
அந்த அடி எனக்குத்தான் சாட்சி, நண்பரே. கலிப்பாவில் துள்ளல் எப்படிப் பிறக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில், ஒப்பிட்டுப் பார்க்க, வெண்பா: 'தேமாங்காய் தேமாங்காய் தேமாங்காய்'. காய் முன் நேர், அதாவது 'காய்' என்று முடியும் சீரை அடுத்து 'தே' போன்ற நேரசை. இதுதான் செப்பலோசை, பேச்சைப் போல ஒரே மட்டமாகப் போகும். அடுத்து கலிப்பா: 'கருவிளங்காய் கருவிளங்காய் கருவிளங்காய்'. இங்கே காய் முன் நிரை, அதாவது அதே 'காய்'க்கு அடுத்து 'கரு' போன்ற நிரையசை. 'காய்' என்று நீண்டு தங்கிய நாக்கு, 'கரு' என்ற இரண்டு குறிலில் சடாரென்று எகிறுகிறது. தங்கல், எகிறல், மறுபடி தங்கல். அந்த எகிறலுக்குத்தான் துள்ளல் என்று பெயர். கலித்தொகையின் நெய்தற்கலியில் தலைவி கலங்கி அழுவதும் இந்தக் கலிப்பாவில்தானே? செருக்கு வேரில் இருந்தால் இரங்கலுக்கு இந்த ஓசை எப்படிப் பொருந்தும்?

இருமொழியாள்:
மலையாளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். குஞ்சன் நம்பியார் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய ஓட்டன் துள்ளல் என்ற ஆட்டக்கலையில், இந்தச் சொல் முழுக்க முழுக்கக் காட்சிக்குரியது, சொல்வேட்டை மகிழலாம். ஆனால் அங்கேயே குளிர் நடுக்கக் காய்ச்சலுக்குத் 'துள்ளல்பனி' என்று பெயர். ஆத்திரத்தில் கொதித்தால் 'கலி துள்ளுதல்'. இதில் உங்கள் இரண்டு சொல்லும் சேர்ந்தே வருகின்றன, ஆனால் பகட்டு இல்லை. இன்னொன்று: நாம் துளி என்பதை அவர்கள் 'துள்ளி' என்பார்கள். துள்ளு, துளி, துளும்பு மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நேரிசை:
அக்கா, இதில் நான் கொஞ்சம் கறார். எழுத்து ஒத்தால் உறவு ஆகிவிடாது. துளி கீழே விழுவது, துள்ளல் மேலே எழுவது. நடுவில் பொருள் போன பாதையைக் காட்ட வேண்டும்.

இருமொழியாள்:
பாதை குடத்தின் விளிம்பில் இருக்கிறது. தலையில் வைத்த குடத்தில் அடி எடுத்துவைக்கும் ஒவ்வொரு முறையும் நீர் முதலில் மேலே எழும்பி, பிறகுதான் சொட்டாகச் சிந்துகிறது. எழும்புவது துள்ளல், ததும்புவது துளும்பல், பிரிந்து விழுந்தது துளி. முடிந்த முடிவு என்று சொல்லவில்லை. ஆனால் மீன், காய்ச்சல், கன்று மூன்றையும் இந்த ஒரு குடத்துக்குள் அடக்கலாம்.

சொல்வேட்டை:
'நிறைகுடம் தளும்பாது' என்கிறோமே, அங்கேயும் நீரின் அசைவுக்குள் கர்வத்தைத்தானே வைத்திருக்கிறோம்!

நேரிசை:
அங்கேயும் வைத்தது நாம்தான், நீர் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். மீன், கன்று என்று எதுவும் சொல்லாமல் 'அவன் துள்ளுகிறான்' என்று மட்டும் சொன்னால், இன்றைய பேச்சில் கேட்கிறவர் காதில் முதலில் விழுவது செருக்குதான். அகராதி அதை முதல் பொருளாகவே போடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வேர் என்று மட்டும் எழுத வேண்டாம்.

சொல்வேட்டை:
கலிமாவுக்குப் பதில் சொல்லாமல் போகிறீர்கள். பாட்டுகளில் அந்தச் சொல் வரும் இடங்களை எடுத்துக்கொண்டு வருகிறேன், அங்கேயே பேசுவோம்.