கேமரா தெரிகிறது, படம்தான் வர மறுக்கிறது: லினக்ஸ் அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு மல்லசந்திரம் பாறைமேல் ஏறிக் கற்திட்டைகளை (பழங்காலக் கல்லறைகளை) முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். அத்தனையும் கேமராவுக்குள் சிறைப்பட்டிருக்கின்றன.

மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ் மின்ட் இயங்குதளம். முதலில் கொடுத்த கேபிள் மின்னேற்றத்துக்கு மட்டும் உரியது. அதைக் கண்டுபிடிக்கவே அரைநாள் போனது. கேபிளை மாற்றியபின் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் கேமராவின் பெயர் வருகிறது. கேமராவிலிருந்து படம் இறக்கும் ஜிபோட்டோ2 மென்பொருள் மாடலைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் படங்களைப் பட்டியலிடச் சொன்னால், யூஎஸ்பி சாதனத்தைத் தன்வசமாக்க முடியவில்லை என்று கைவிரிக்கிறது. நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டாலும் அதே பதில்தான், ஆகவே அனுமதிச் சிக்கலாகத் தோன்றவில்லை.

தேடியதில், இணைக்கும் சாதனங்களைத் தானாகத் திறக்கும் ஜிவிஎஃப்எஸ் சேவை முந்திக்கொண்டு கேமராவைப் பிடித்துக்கொள்கிறது என்று புரிந்தது. அதை நிறுத்தினால் பட்டியல் வருகிறது. கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடியும் அது உயிர்த்தெழுகிறது! நாற்பது படங்கள் நகலானதும் இணைப்பும் அறுந்துவிடுகிறது.

அந்தச் சேவையை நிரந்தரமாக முடக்குவது எப்படி? பென்டிரைவ், கைப்பேசி இணைப்பு கெடாமல் இருக்க வேண்டும். பாதியில் அறுவதற்குக் காரணம் மடிக்கணினியின் மின்சிக்கனமா, கேபிளா? கேமராவில் படங்களைக் கணினிக்கு அனுப்பும் பிடிபி முறை மட்டுமே உண்டு, பென்டிரைவ் போலத் திறக்கும் மாஸ் ஸ்டோரேஜ் முறை இல்லை.

கார்டு ரீடர் வாங்கச் சொல்லாதீர்கள். கார்டு மூடி பாறையில் இடித்து நசுங்கித் திறக்க வரவில்லை.