பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் கையில் இருக்கிறது. பசுமைத் திட்ட மேலாண்மைக்கான ஜிபிஎம்-பி தேர்வும் எழுத வேண்டுமா?

கேள்வி (தளப்பொறுப்பாளர்):
பதினொரு வருடமாகக் கட்டடத் திட்டங்களில் இருக்கிறேன், பிஎம்பி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. இப்போது டெண்டருக்கு டெண்டர் கார்பன் கணக்குக் கேட்கிறார்கள், அதாவது வேலையால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று. ஜெனரேட்டர் குடித்த டீசலை எழுதிக் கொடுக்கிறேன். அது போதாது என்று எனக்கே உறுத்துகிறது. ஜிபிஎம்-பி படித்தால் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியுமா?

பதில் (ஈரமண்):
நான் எழுதித் தேறியவள். கார்பன் கணக்குப் போட அது கற்றுத் தராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் அடிப்படை பி5 என்ற தரநிலை: மக்கள், பூமி, செழிப்பு என்ற மூன்றையும், கட்டி முடித்த பொருளிலும் கட்டுகிற முறையிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்த பெரிய பயன், எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்ற தெளிவுதான்.

ஒரு கிடங்கு வேலையில் சிமென்டில் ஒரு பங்கைக் குறைத்து ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) சேர்க்கலாம் என்றேன். சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சிமென்ட் ஆலை வெளியிடுவதில் பாதிக்கு மேல் அதுதான், எரிபொருளை மாற்றினாலும் போகாது. ஆனால் ஸ்லாக் கலவை மெதுவாக இறுகும், சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கக் கூடுதல் நாள் வேண்டும். நான் பேச்சை எடுத்தபோது அட்டவணையில் கையெழுத்தே ஆகியிருந்தது. யாரும் அசையவில்லை. அடுத்த திட்டத்தில் தொடக்க ஆவணத்திலேயே இதை எழுதினேன், கூடுதல் நாட்களும் அட்டவணையில் ஏறின. அன்று எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது.

உங்கள் தாளில் டீசலுக்கு முன்னால் கம்பியும் கான்கிரீட்டும் வர வேண்டும். அந்தக் கணக்குக்கு வேறு பயிற்சி பாருங்கள்.

பதில் (நீலக்கோடு):
டெண்டரில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். லீட் என்று போட்டிருந்தால் அது பசுமைக் கட்டடத்துக்கான மதிப்பீடு. அதற்கு லீட் கிரீன் அசோசியேட் என்ற தொடக்கநிலைச் சான்றிதழில் தொடங்குவதுதான் நேர்வழி.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன், லீட் இல்லை. பொருள்வாரியாகக் கார்பன்தான் கேட்டிருக்கிறார்கள். சரி, முதலில் அந்தக் கணக்கைக் கற்கிறேன், அப்புறம் ஜிபிஎம்-பி. நடக்கிற வேலையில் கலவை இன்னும் முடிவாகவில்லை. புதன்கிழமைக் கூட்டத்துக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் கூப்பிட்டிருக்கிறேன். ஈரமண், கூடுதல் நாட்களை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்?

ஈரமண்:
ரிஸ்க் பட்டியலில் போடாதீர்கள், தள்ளிவிடுவார்கள். வேலைக்கான கால அளவிலேயே சேர்த்து எழுதுங்கள்.