சின்னக் குழந்தைகளுக்கு தேவசகாயத்தை எப்படிச் சொல்வது?

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம். எல்கேஜி முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சியான புனித தேவசகாயத்தின் வாழ்வை எல்லா வகுப்புகளிலும் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

பெரிய பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. 1741 குளச்சல் போருக்குப் பின் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், அவர் தேவசகாயத்துக்குச் சொன்ன விவிலியத்து யோபுவின் கதை, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் பெற்ற திருமுழுக்கு என்று வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்தே நடத்திவிடுகிறேன். மணி அடித்த பிறகும் கேள்வி கேட்கிறார்கள்.

திணறுவது யுகேஜியில்தான். 1752இல் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்றதும் ஒரு சிறுமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு ரொம்ப வலித்திருக்குமா, மிஸ்?" என்று கேட்டாள். பதில் வராமல் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மறைக்கவும் மனம் ஒப்பவில்லை, பயமுறுத்தவும் கூடாது.

இந்த வயதினருக்கு மறைசாட்சிகளைப் பற்றிச் சொன்னவர்கள், எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். படமோ, பொம்மலாட்டமோ, சிறு பாட்டோ எதுவானாலும் பயன்படும். கோட்டாறு பேராலயத்திலுள்ள அவர் கல்லறைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றவர்களும் சொல்லுங்கள். அடுத்த வகுப்பு வெள்ளிக்கிழமை.