அழித்த கோப்பைத் தேடி அலைந்த கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

கடைசிப்பெஞ்ச்:
ரீசைக்கிள் பின்னில் பார்த்தீர்களா என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். ஷிஃப்ட் டிலீட், அந்தப் பின்னுக்கே போகாமல் நேரே அழிந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர். எது அசல், எது நகல் என்று பார்க்காமல் ஒன்றை அடித்துவிட்டேன். மிச்சம் இருந்ததைத் திறந்தால் காலி. அக்கா மகன் முதன்முதலில் நடந்த நாளின் படங்கள்.

அழிந்த கோப்பை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். விடிந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் படங்கள். ஒன்றுக்கும் பழைய பெயர் இல்லை, எல்லாம் 'எஃப்' போட்ட எண்கள். முக்கால்வாசி இணையப் பக்கங்களின் ஐகானும் விளம்பரமும். தள்ளிக்கொண்டே போனதில் அந்தப் படம் வந்தது. நெற்றி, சிரிப்பு, நீட்டிய இரண்டு கை. இடுப்புக்குக் கீழே ஒரே சாம்பல். அவன் நடந்ததற்கு இருந்த ஒரே படம், அதில் கால் இல்லை.

அக்காவிடம் "கிடைத்துவிட்டது" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் காட்டவில்லை.

சுண்டெலி:
மென்பொருளை எந்த டிரைவில் இறக்கினீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே. டிலீட் செய்ததும் கோப்பு போய்விடாது. 'இந்த இடம் காலி' என்று குறித்துவைப்பதோடு சரி. அடுத்து எதையாவது எழுதும்போதுதான் அது மேலே ஏறி உட்காரும்.

என் கேமரா கார்டை ஒருமுறை கம்ப்யூட்டரில் செருகித் தவறுதலாகக் காலி செய்துவிட்டேன். உடனே உருவி எடுத்துவிட்டு, அப்புறம் நிதானமாக ஸ்கேன் செய்தேன். 'டிஎஸ்சி' என்று தொடங்க வேண்டிய பெயரெல்லாம் ஓர் அடிக்கோடு, பிறகு 'எஸ்சி' என்று வரிசையாக நின்றன. கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபேட்32 என்ற முறையில் அழித்தால் பெயரின் முதல் எழுத்தைத்தான் கிள்ளும். தலையில்லாத பெயர்கள், ஆனால் 212 படமும் முழுசு. பொறுமை இருந்தால் எல்லாம் கிடைக்கும்.

தூக்கம்வராதவள்:
சுண்டெலி, பொறுமை இருந்தால் கிடைக்குமா? உங்களுடையது மெமரி கார்டு. என்னுடையது எஸ்எஸ்டி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப் வகை டிஸ்க். டிரிம் என்று ஒன்று விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. அழித்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் சொல்லிவிடும், எஸ்எஸ்டி தன் பாட்டுக்குத் துடைத்துவிடும். நான் அதில் புதிதாக எதையும் இறக்கவில்லை, கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித்தான் ஸ்கேன் செய்தேன்.

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம். பெயர் சரி, அளவு சரி, தேதி சரி, பக்கத்தில் 'நல்ல நிலை' என்று மீட்பு மென்பொருள் வைத்த பச்சைப் புள்ளி வேறு. வேர்டு திறக்க மறுத்தது. கோப்புக்குள் இருப்பதை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் போட்டுப் பார்த்தால் பக்கம் பக்கமாக 00 00 00 00. அத்தியாயத்தை மறுபடி எழுதிவிட்டேன். அந்தப் பச்சைப் புள்ளி மேல்தான் இன்னும் ஆத்திரம்.

மழைக்கோட்டு:
என் கதை ஒரு வரி: வெளி ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்றது, நான் ஸ்கேன் போட்டேன், பாதியில் செத்தது. அதனால் சொல்கிறேன். சத்தம் வந்தால் எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள், ஒயரைப் பிடுங்குங்கள். சத்தம் இல்லையென்றால் டிஸ்க்கை அப்படியே இமேஜாக, அதாவது ஒரே கோப்பில் முழு நகலாக, எடுத்துக்கொண்டு அதில் தேடுங்கள். மீட்டதை வேறு டிஸ்க்கில் போடுங்கள். அதற்கும் முன்னால் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து முந்தைய பதிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் டிரைவில் இருந்து அழித்ததென்றால் அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். மைக்ரோசாஃப்ட்டே 2020-இல் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்று ஒன்றை இலவசமாக விட்டது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், அதைக் கண்டு பயப்படாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பேக்கப்...

கடைசிப்பெஞ்ச்:
பேக்கப் பாடம் போதும் அண்ணா. பேக்கப் எடுக்கத்தான் அந்த இரண்டாவது ஃபோல்டரையே உருவாக்கினேன்.

சுண்டெலி, சி டிரைவில்தான் இறக்கினேன். படங்களும் அங்கேதான் இருந்தன.