கிளவுட் சேவை வகைகள்: அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வில் நாங்கள் இடறிய இடங்கள்

திரியைத் தொடங்கியவர், திருப்பூர் (ஏற்றுமதி நிறுவனக் கணக்குப் பிரிவு)

அனைவருக்கும் வணக்கம். மைக்ரோசாஃப்டின் கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) சேவையான அஸூருக்குரிய ஏ.இஸட்-900 என்னும் அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வில், இரண்டாம் முயற்சியில், சென்ற மாதம் தேர்ச்சி பெற்றேன். முதல் முறை எனக்குக் கிடைத்தது 664. தேர்ச்சிக்கு 1000-க்கு 700 வேண்டும். தேர்வு தொடங்குமுன் வினாக்களை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் அமர்கிறோம் என்பதால், எந்த வினாவையும் இங்கே எழுதப் போவதில்லை. எங்கே தவறினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்.

நான் கணினித் துறையில் படித்தவள் அல்ல. எங்கள் கணக்கு மென்பொருளை கிளவுடுக்கு மாற்றும் பேச்சு எழுந்தபோது, கூட்டத்தில் எதுவும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருப்பது பிடிக்காமல் படிக்கத் தொடங்கினேன். முதல் முறை, பள்ளியில் தலைநகரங்களை மனப்பாடம் செய்தது போல, ஐயாஸ் என்றால் விர்ச்சுவல் மெஷின், பாஸ் என்றால் ஆப் சர்வீஸ், சாஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் 365 என்று நோட்டில் எழுதி உருப்போட்டேன். (ஐயாஸ், அதாவது IaaS, மெய்நிகர் கணினி போன்ற உள்கட்டமைப்பை மட்டும் வாடகைக்குத் தருவது; பாஸ், PaaS, நம் நிரலை ஓட்டும் தளத்தைத் தருவது; சாஸ், SaaS, ஆயத்த மென்பொருளைத் தருவது.) "எஸ்.க்யூ.எல் என்றால் பாஸ்" என்பதும் அந்த நோட்டில் ஒரு வரி. என்னை வீழ்த்தியது அந்த வரிதான். அஸூர் எஸ்.க்யூ.எல் டேட்டாபேஸ் என்ற சேவையை எடுத்தால் அது பாஸ். அதே எஸ்.க்யூ.எல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை, ஒரு விர்ச்சுவல் மெஷினை வாடகைக்கு எடுத்து அதில் நாமே நிறுவினால், அது ஐயாஸ். மென்பொருள் ஒன்றே. முன்னதில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்கும் டேட்டாபேஸுக்கும் பேட்ச் (பிழைத் திருத்தம்) போடுவது மைக்ரோசாஃப்ட். தானியங்கிக் காப்புப் பிரதியும் 7 நாட்களுக்கு இயல்பாகவே உண்டு. பின்னதில் அந்த மெஷினுக்குள் இருக்கும் அனைத்தும் நம் தலையில்.

இரண்டாம் முறை நோட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பேரேட்டுத் தாள் ஒன்றை எடுத்து அட்டவணை போட்டேன். மேலே நான்கு பத்திகள்: சொந்த இடம், ஐயாஸ், பாஸ், சாஸ். இடப்புறம் பத்து வரிகள்: கட்டடமும் மின்சாரமும், சர்வர் எந்திரம், நெட்வொர்க் கேபிள்கள், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் கட்டுப்பாடு, அப்ளிகேஷன், அடையாளக் கட்டமைப்பு, பயனர் கணக்குகள், கையிலிருக்கும் சாதனங்கள், தரவு. நம் பொறுப்பு நீல மை, அவர்கள் பொறுப்பு சிவப்பு மை, இருவருக்கும் பொதுவென்றால் இரண்டு மையும். போட்டு முடித்துப் பார்த்தபோது, முதல் மூன்று வரிகள் கிளவுட் பத்திகள் மூன்றிலும் சிவப்பாகவும், கடைசி மூன்று வரிகள் எல்லாப் பத்திகளிலும் நீலமாகவும் இருந்தன. ஐயாஸ், பாஸ், சாஸ் ஆகிய மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் நடுவிலுள்ள நான்கு வரிகளுக்குள்தான் இருக்கிறது. அந்த நான்கு வரிகளைத்தான் நான் இரண்டு வாரம் படித்தேன்.

சர்வர் நிர்வாகி, கோயம்புத்தூர்

சகோதரியின் பேரேட்டுத் தாள் நன்று. நான் பதினைந்து ஆண்டுகளாக சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் இந்தத் தேர்வைப் பொருட்படுத்தாமலேயே போய் எழுதினேன், தேர்ச்சியும் பெற்றேன். ஆனால் ஐயாஸ் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அதற்கு அடுத்த மாதம் வந்த பில்லைப் பார்த்தபோதுதான்.

சோதனைக்காக அஸூரில் ஒரு விண்டோஸ் விர்ச்சுவல் மெஷினை எழுப்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை, ரிமோட்டில் உள்ளே இருந்தபடியே, அலுவலக மேசைக் கணினியை அணைப்பது போல ஸ்டார்ட் மெனுவுக்குச் சென்று ஷட் டவுன் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வாரம் தவறாமல் இப்படித்தான். மாத இறுதியில் பார்த்தால், அணைத்து வைத்திருந்த சனி, ஞாயிறுகளுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறியிருந்தது. அஸூரின் நிர்வாகப் பக்கமான போர்ட்டலைத் திறந்தால் மெஷினின் நிலை "ஸ்டாப்டு" என்று மட்டும் இருந்தது. அதைப் போர்ட்டலிலிருந்தே நிறுத்தியிருந்தால் "ஸ்டாப்டு, டீஅலோகேட்டட்" என்று காட்டியிருக்கும். இந்த இரண்டாவது சொல் வந்தால்தான் அந்த வன்பொருள் நம் பெயரிலிருந்து விடுவிக்கப்படுகிறது, மணிக்கணக்குக் கட்டணமும் நிற்கிறது. லாட்ஜில் விளக்கையும் மின்விசிறியையும் அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் வாடகை நின்றுவிடுமா என்ன? அறையைக் காலி செய்து, வரவேற்பு மேசையில் சாவியைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். அப்படிக் காலி செய்த பிறகும், டிஸ்க்கில் நம் சாமான்கள் இருக்கும்வரை அந்த இடத்துக்கான கட்டணம் தனியே ஓடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. அவசரத்தில் அந்த மெஷினில் ரிமோட் உள்நுழைவுக்கான வாசலாகிய 3389-ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தேன். மறுநாள் காலை ஈவெண்ட் வியூவரை (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) திறந்தபோது 4625 என்ற எண், அதாவது தோல்வியடைந்த உள்நுழைவு, பக்கம் பக்கமாக நின்றது. யாரென்றே தெரியாதவர்கள் "அட்மின்", "அட்மினிஸ்ட்ரேட்டர்", "டெஸ்ட்" என்று ஒவ்வொரு பெயராகப் போட்டு இரவு முழுவதும் தட்டியிருக்கிறார்கள். டேட்டா சென்டரின் வாசலில் எத்தனை காவலர்கள் நின்றாலும் இதற்கு அவர்கள் பொறுப்பல்லர். அது ஐயாஸ் பத்தியில் நீல மையால் எழுதப்பட்ட வரி. பேட்சும் அப்படியே. 2017 மே மாதம் வானாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியபோது, அதைத் தடுக்கும் பேட்ச் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போட வேண்டியவர்கள் போடாததால்தான் அத்தனை பாதிப்பு. ஐயாஸில் அந்தப் போட வேண்டியவர் நாம்.

கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

மாணவர்களை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்யும் பணியில் நான் கண்ட ஒரு சிக்கலைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அது தமிழில் பாடம் சொல்பவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நாம் "இயங்குதளம்" என்கிறோம். பாஸ் என்பதில் வரும் பிளாட்ஃபார்மையும் பலர் "இயங்குதளம்" என்றே மொழிபெயர்க்கிறார்கள். விளைவு, "இயங்குதளத்தைச் சேவையாகத் தருவது பாஸ்" என்று படித்த மாணவன், பாஸ் எடுத்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் நம் கையில் வந்து சேரும் என்று புரிந்துகொள்கிறான். உண்மை இதற்கு நேர் எதிர்: பாஸில் நம் கையைவிட்டுப் போகும் முதல் பொருளே ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான். இதை நான் உணர்வதற்குள் ஓர் ஆண்டு மாணவர்கள் தேர்வெழுதி முடித்துவிட்டார்கள். வகுப்பில் நன்றாகப் படிப்பவர்களே அந்தப் பகுதியில் தவறியதைப் பார்த்த பிறகுதான் என் மொழிபெயர்ப்பின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. இப்போது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அப்படியே ஒலிபெயர்த்துச் சொல்கிறேன். பிளாட்ஃபார்முக்கு "மேடை" என்கிறேன். மேடை போட்டுத் தருவது அவர்கள், அதில் ஆடுவது நம் நிரல்.

இந்த மூன்று வகைகளையும் பீட்சா தயாரிப்புடன் ஒப்பிட்டு இணையத்தில் உலவும் உவமை என் மாணவர்களுக்கு உதவவில்லை. யார் மாவு பிசைகிறார்கள் என்று அது சொல்கிறதே தவிர, யார் பொறுப்பு என்று சொல்வதில்லை. நான் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொண்டேன். வெறும் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சமையல்காரரையும் பாத்திரத்தையும் நாமே கொண்டுவருவது ஐயாஸ். அடுப்பும் பாத்திரமும் பரிமாறும் ஆட்களும் மண்டபத்தாருடையவை, பட்டியலும் பக்குவமும் நம் வீட்டுச் சமையல்காரருடையவை என்றால் பாஸ். மொத்தமாகக் காண்ட்ராக்ட் விட்டு, நாம் பட்டுடுத்திப் போய் நிற்பது சாஸ். உவமை இதுவரை சாதாரணமானதுதான். நான் மாணவர்களை நிறுத்திக் காட்டுவது மண்டபத்தில் மணமகள் அறைக்கு வெளியே தொங்கும் பலகையை: "விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." எந்தக் காண்ட்ராக்ட் எடுத்தாலும் அந்தப் பலகை கழற்றப்படுவதில்லை. நகை என்பது தரவு, அறைச் சாவி என்பது பயனர் கணக்கு.

சேவை வகையையும் (ஐயாஸ், பாஸ், சாஸ்) அமைப்பு வகையையும் (தனியார் கிளவுட், பொதுக் கிளவுட் போன்றவை) குழப்பிக்கொள்வது மற்றொரு பிழை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையில் ஐந்து பண்புகள், மூன்று சேவை வகைகள், நான்கு அமைப்பு வகைகள் என்று பிரித்திருக்கிறார்கள். "தனியார் கிளவுடா, பாஸா?" என்று ஒரு மாணவர் கேட்டார். "திருநெல்வேலியா, திங்கட்கிழமையா?" என்று திருப்பிக் கேட்டேன். வகுப்பு சிரித்தது, அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் அதைக் குழப்பிக்கொள்ளவில்லை.

மென்பொருள் உருவாக்குநர், சென்னை

பாஸ் பற்றி என் பங்குக்கு ஒன்று. ஒரு வாடிக்கையாளருக்காகத் தமிழில் ரசீது அச்சிடும் அப்ளிகேஷனை எழுதி, ஒரு பாஸ் தளத்தில் ஏற்றினோம். என் மடிக்கணினியில் அழகாக வந்த பி.டி.எஃப், அங்கே எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. "எழுத்துரு இல்லை, நிறுவிவிட்டால் சரியாகிவிடும்" என்று நினைத்து, சர்வருக்குள் எப்படி நுழைவது என்று அரை நாள் தேடினேன். நுழைய வழியில்லை. அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் எழுத்துரு நிறுவும் உரிமை எனக்கு இல்லை. அதற்காகத்தானே அதைப் பராமரிக்கும் வேலையிலிருந்தும் விடுபட்டிருக்கிறேன்! இறுதியில் எழுத்துருவையும் உள்ளே வைத்து ஒரு கன்டெய்னராக (நிரலும் அதற்குத் தேவையானவையும் சேர்ந்த பொதி) கட்டி ஏற்றிய பிறகே ரசீதில் "ரூபாய்" என்ற சொல் தெரிந்தது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் கை வைக்க வேண்டும் என்று தேவை இருந்தால் பாஸ் பொருந்தாது என்பதைப் பாடப் பக்கத்தில் நான்கு முறை படித்திருந்தேன். அந்த அரை நாளில்தான் அது மண்டையில் ஏறியது. (பாஸ் தெரியாமல் பாஸ் ஆக முடியாது என்று என் குழுவினர் இன்றும் கேலி செய்கிறார்கள்.)

அலுவலக நிர்வாகி, திருச்சி

சாஸ் எளிது என்று எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். ஜோஹோ மெயிலோ மைக்ரோசாஃப்ட் 365-ஓ, உலாவியைத் திறந்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுச் சென்றார்; அவருடைய 365 கணக்கை, உரிமக் கட்டணம் வீணாகிறதே என்று நானே அழித்தேன். அழித்த கணக்கை 30 நாட்களுக்குள் மீட்கலாம் என்பதும் எனக்குத் தெரியாது, அதற்குப் பிறகு முடியாது என்பதும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துத் தணிக்கையாளர், அவர் ஒரு விநியோகஸ்தருக்கு அனுப்பிய விலை ஒப்புதல் மின்னஞ்சலைக் கேட்டார். "கிளவுடில் இருக்கும், எடுத்துத் தருகிறேன்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு வந்து தேடினேன். மின்னஞ்சல் இல்லை. மென்பொருளும் சர்வரும் ஒரு நொடிகூட நிற்கவில்லை, அவர்கள் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்கள். கணக்கும் தரவும் என் வரிகள், அவற்றை அழித்தது நான். இறுதியில் அந்த விநியோகஸ்தரையே அழைத்து, அவர் பக்கத்திலிருந்த பிரதியைக் கேட்டு வாங்கினேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கல்லூரி மாணவர், மதுரை

அனைவருக்கும் நன்றி. எனக்கு இரண்டு ஐயங்கள். அஸூர் ஃபங்ஷன்ஸ் போன்ற சர்வர்லெஸ் சேவைகள் எந்தப் பத்தியில் வரும்? அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு எழுதுபவர்களுக்கும் இந்த அட்டவணை உதவுமா?

திரியைத் தொடங்கியவர், திருப்பூர்

தம்பி, பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், சர்வர் இல்லாமல் இல்லை. அது நம் கண்ணில் படுவதில்லை, நாம் பராமரிப்பதுமில்லை. நிரல் நம்முடையது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் அவர்களுடையது; ஆகவே நான் அதைப் பாஸ் பத்தியில்தான் வைத்தேன். இயங்கிய அளவுக்கு மட்டும் கட்டணம் என்பது அதன் கூடுதல் குணம்.

அமேசான் தேர்விலும் இந்தப் பொறுப்புப் பகிர்வு உண்டு. அங்கே 90 நிமிடங்களில் 65 வினாக்கள், அவற்றில் 15-க்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எவை அந்த 15 என்று சொல்ல மாட்டார்கள்; தேர்ச்சிக்கு அங்கும் 1000-க்கு 700. அந்தச் சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், ஏ.இஸட்-900-க்குக் காலாவதி இல்லை. இரு தேர்வுகளையும் படித்தபோது நான் கவனித்த ஒன்று: அமேசான் 2006-இல் சேமிப்பிடத்தையும் விர்ச்சுவல் மெஷினையும் வாடகைக்கு விட்டுத் தொடங்கியது, அஸூரோ 2010-இல் பெரும்பாலும் பாஸாகவே விற்பனைக்கு வந்து, விர்ச்சுவல் மெஷின்களை 2013-இல்தான் முழுமையாகத் திறந்தது. ஐயாஸ் முதற்படி, பாஸ் அடுத்த படி என்று ஏணிபோல மனத்தில் வைத்திருந்த எனக்கு, இதைப் படித்த பிறகுதான் அந்த ஏணி கலைந்தது. கணக்கு மென்பொருளுக்கு எங்கள் நிறுவனம் கடைசியில் விர்ச்சுவல் மெஷினைத்தான் தேர்ந்தெடுத்தது. பழைய மென்பொருளுக்கு வேறு வழியில்லை.

நெல்லை ஐயாவின் "மேடை"யை என் தாளில் எழுதிக்கொண்டேன். கோவை அண்ணன் சொன்ன டிஸ்க் வாடகைக்கும், திருச்சி நண்பரின் 30 நாளுக்கும் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தட்டச்சு செய்து இங்கே இணைக்கிறேன். நெட்வொர்க் கட்டுப்பாட்டு வரியில் பாஸ் பத்திக்கு இரண்டு மையும் போட்டிருக்கிறேன், அதை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.